கப்பலைவிட்டு இறங்கி எங்கே போனார்கள்? பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு வரலாற்றுப் பலகை

அக்கா மகள் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளியில் வரலாற்றுக் கண்காட்சி என்றும், குழுவுக்கு ஒரு மேசை, மேசைமேல் ஒரு காட்சிப் பலகை என்றும் சொல்லியிருந்தார்கள். அவள் குழுவுக்கு வந்த தலைப்பு ‘மலேசிய இந்தியர் வரலாறு’. நான் பினாங்கு ஜார்ஜ்டவுனில் பெயர்ப்பலகை செய்யும் கடையில் வேலை பார்ப்பவன். அட்டை அறுப்பது மாமா, எழுதுவதும் வரைவதும் பிள்ளைகள் என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். அந்தக் கோட்டைக் கடைசிவரை தாண்டவில்லை. கத்தி மட்டும்தான் என் கையில்.

பிள்ளைகள் முதலில் கொண்டுவந்தது நோட்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதியது. சோழர் காலக் கடாரத்தில் தொடங்கி, 1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கி, 1957இல் சுதந்திரம் வாங்கி, பினாங்குப் பாலம் வரைக்கும் வந்திருந்தார்கள். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் ஒரு மண்டபத்தில் வரிசையாகப் பல பலகைகள் நிற்கும்போது, ஒன்றின் முன்னால் ஒருவர் நிற்பது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளை யாராலும் படிக்க முடியாது. நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துச் சுவரில் ஒட்டினால் அது பலகை ஆகிவிடாது.

அதனால் அட்டை வாங்குவதற்கு முன்பே ஒரு வேலை செய்தோம். தலைப்பை ஒரு கேள்வியாக மாற்றச் சொன்னேன். ‘இந்தியர்கள் ஏன் வந்தார்கள்?’ என்று முதலில் எழுதினார்கள். அதுவும் பெரிய கேள்வி. ஊரைச் சுருக்கு, ஆட்களைச் சுருக்கு என்று பேசிப் பேசி, கடைசியில் என் மருமகள்தான் கேட்டாள்: “நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி இங்க பினாங்குல இறங்கினாங்கல்ல மாமா, இறங்கினதும் எங்க போனாங்க?” அதுவே போதும் என்றேன். பலகையின் தலைப்பும் அதுவே ஆனது: ‘கப்பலைவிட்டு இறங்கி எங்கே போனார்கள்?’

கேள்வி கிடைத்ததும் எதை எடுப்பது என்பது தானாகத் தெரிந்தது. லைட் போனார். சுதந்திரமும் பாலமும் போயின. 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் 1833இல் கட்டப்பட்ட குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலும் இருக்கவேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடித்தார்கள். அதில் நியாயம் இருந்தது. ரப்பர் மரம் இந்த மண்ணில் வேர் பிடிப்பதற்கு வெகு முன்பே தமிழர்கள் இந்தத் தெருக்களில் கடை வைத்துத் தொழுதுகொண்டிருந்தார்கள் என்பதை அந்த இரண்டு ஆண்டுகளும் சொல்கின்றன. இறங்கியவர்கள் எல்லாரும் தோட்டத்துக்கே போனார்கள் என்று பலகை பார்க்கிறவர் நினைத்துவிடக்கூடாது. இரண்டையும் ஒரே படத்துண்டில் சேர்த்து வைத்தோம்.

இனி அட்டை. மணிலா அட்டை மலிவு, ஆனால் பினாங்குக் காற்றின் ஈரத்தில் ஓர் இரவுக்குள் வளைந்துவிடும். பாலிஸ்டிரின் பலகை நிமிர்ந்து நிற்கும், ஆனால் விளிம்பு உதிரும். நடுவில் நுரையும் இரண்டு பக்கமும் தாளும் உள்ள ஃபோம் போர்டு 5 மில்லிமீட்டர் கனத்தில் எடுத்தோம். அகலம் 122 செ.மீ., உயரம் 91 செ.மீ. நடுப்பகுதி 61 செ.மீ., இரண்டு பக்கச் சிறகுகளும் 30 செ.மீ. சொச்சம். மூன்று மடிப்பாக நின்றால் முட்டுக்கொடுக்கக் கால் தேவையில்லை.

மடிப்பு எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. சிறகுகள் பார்ப்பவரை நோக்கி முன்னால் மடங்கவேண்டும் என்றால் கத்தி பின்பக்கத்தில்தான் விழவேண்டும். பின்தாளையும் நுரையையும் அறுத்து, முன்தாளை மட்டும் விட்டுவிட வேண்டும். அந்த முன்தாளே கீலாக வேலை செய்யும். இரும்பு அடிக்கோலை அழுத்திப் பிடித்து, புது பிளேடு போட்டு, ஒரே மூச்சில் அறுக்காமல் லேசாக இரண்டு மூன்று தடவை இழுத்தால் ஆழம் கட்டுப்படும். அறுத்த பிறகு சிறகைப் பாதி மடக்கிய நிலையில் வைத்துக்கொண்டு பின்னால் துணி டேப் ஒட்டவேண்டும். பலகையைத் தட்டையாக வைத்து ஒட்டினால் டேப் இறுகிப் பிடித்துக்கொண்டு மடிக்க விடாது.

பசையிலும் கவனம் வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் பையில் எப்போதும் இருக்கும் யுஹு போன்ற கரைப்பான் கலந்த பசை, ஃபோம் போர்டின் விளிம்பில் பட்டால் நுரையைக் கரைத்துப் பள்ளமாக்கிவிடும். வெள்ளைப் பசையில் தண்ணீர் அதிகம், தாள் சுருங்கும். படங்களுக்கு இரட்டைப் பக்க டேப்பே பயன்படுத்தினோம், நான்கு ஓரமும் நடுவில் ஒரு பட்டையுமாக. நடுவில் ஒட்டாத தாள் இந்த ஊர் ஈரத்தில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வேலை வரைபடம். நடுப்பகுதியின் 61 செ.மீ. அகலம் முழுக்க ஒரே கடல். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2300 கிலோமீட்டர். ஒரு சென்டிமீட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தால் 46 செ.மீ. வருகிறது. மீதி அகலத்தை இரண்டு பக்கமும் பிரித்தால் இடது கையில் தமிழ்நாட்டின் பெரும்பகுதியும் யாழ்ப்பாணமும், வலது கையில் தீபகற்ப மலேசியாவின் மேற்குக் கரையும் அடங்குகின்றன. சிங்கப்பூர் வலது ஓரத்தை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தது. உயரம் 32 செ.மீ. போதும், சென்னையும் உள்ளே வந்துவிடும். இந்தக் கணக்கைப் பிள்ளைகளே போட்டார்கள். வரலாற்றுப் பலகைக்குக் கணிதப் புத்தகத்தின் அளவுப்பாடம் உதவியதில் அவர்களுக்குப் பெருமை.

வரைந்தது கட்டமுறையில். அட்லஸ் பக்கத்தின்மேல் ஒளிபுகும் தாளை வைத்துச் சதுரக் கட்டம் போட்டு, பலகைத் தாளிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் கரை எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று பார்த்து வரைவது. கணினியில் அச்செடுத்து ஒட்டியிருக்கலாம். ஆனால் கையால் வரைந்த பிள்ளைக்கு அந்தக் கடலின் அகலம் விரலில் தெரியும். வரைந்துகொண்டிருந்த பையன் வங்காள விரிகுடாவின் நடுவில் நிமிர்ந்து, “கட்டம் கட்டமா வெறும் தண்ணியாவே இருக்கு சார்” என்றான். பலகை பார்க்கிறவருக்கும் அதே எண்ணம் வரவேண்டும் என்று கடலில் எந்தப் படமும் ஒட்டாமல் நீலமாகவே விட்டோம்.

அந்தக் கடலின்மேல் சிவப்பு நூல் ஒன்று போகிறது. அடிக்கோல் வைத்து நேராக இழுத்துப் பார்த்தால் நூல் பெரிய நிக்கோபார் தீவின்மேல் ஏறியது. அந்தத் தீவுக்கும் சுமத்திராவின் வடமுனைக்கும் இடையில் கடல்வழி இருக்கிறது. அந்த இடைவெளி வழியாக நூலை வளைத்து, பக்கத்தில் ‘தோராயமான வழி’ என்று எழுதிவைத்தோம். குண்டூசி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், சின்னப் பிள்ளைகள் கை வைக்கிற உயரம் அது. நூல் திரும்பும் இடங்களில் தடித்த ஊசியால் துளை போட்டு, நூலைப் பின்பக்கம் இழுத்து டேப் போட்டோம். முன்னால் முடிச்சே தெரியவில்லை, தொய்வும் இல்லை.

பினாங்கை மட்டும் பெரிதாக்கிய சின்ன வரைபடம் அதற்குக் கீழே. அங்கிருந்து மூன்று நூல்கள் பிரிகின்றன. பச்சை நூல் தீவின் தென்கிழக்கில் இருக்கும் ஜெரஜாக் தீவுக்கு. கப்பலில் அம்மை, காலரா இருக்குமோ என்று வந்தவர்களைத் தனிமைப்படுத்தி வைக்கும் நிலையம் அங்கே இருந்தது. கொரோனா காலத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் நூல் நகருக்குள், சூலியா தெருப் பக்கம், கடைகளுக்கும் செட்டியார்களின் வட்டிக்கடைகளான கிட்டங்கிகளுக்கும் துறைமுக வேலைக்கும். பழுப்பு நூல் கடலைத் தாண்டி அக்கரைக்கு, பிறைக்கும் அதற்கப்பால் தோட்டங்களுக்கும். அக்கரை நிலப்பகுதியான செபராங் பிறையில் ரப்பருக்கு முன்பே 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களில் தமிழர்கள் வேலை செய்தார்கள் என்பதையும் அந்த நூலின் முனையில் எழுதினோம். ரப்பரை மட்டும் பேசி அந்தக் கரும்புக்காரர்களை மறந்துவிடுவது நம்மிடம் வழக்கமாகிவிட்டது.

எழுத்துக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு: பத்து அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். மண்டபத்தின் நடுவில் நடந்துபோகிறவரைத் திரும்பிப் பார்க்க வைக்கத் தலைப்பை அதற்கும் மேலாக 5 செ.மீ. உயரத்தில் வைத்தோம், இரண்டு வரியில், நடுப்பகுதிக்குள்ளேயே. சிறகுக்கும் நடுப்பகுதிக்கும் குறுக்கே தலைப்பு ஓடினால் ஏதாவது ஓர் எழுத்து மடிப்பில் மாட்டும், தூரத்திலிருந்து வேறு எழுத்தாகத் தெரியும். எழுத்துகளை அடர்நீலத் தாளில் தனித்தனியாக வெட்டி ஒட்டினோம். தமிழுக்கு ஓட்டை அச்சு (ஸ்டென்சில்) சரிப்படாது. ‘ள’, ‘ண’ போன்றவற்றின் சுழியில் மூடிய வட்டங்கள் விழுந்துவிடும், இடையில் பாலம் விட்டால் எழுத்தின் முகமே மாறிவிடும்.

படக்குறிப்புகளைக் கணினியில் அடித்தார்கள். இங்கே ஒன்று கவனித்திருக்கிறேன். தடித்த எழுத்து எடுப்பாக இருக்கும் என்று பலரும் எல்லாவற்றையும் தடிப்பாக்குகிறார்கள். சின்ன அளவில் தமிழ் எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புப் புள்ளியாகிவிடும். மெல்லிய எழுத்தை 28 புள்ளி அளவில் வைத்து, வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டோம். நம் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு ஆப்பிள் கருவிகளில் இருக்கிறது. அக்கா வீட்டுக் கணினியில் அதுதான் கிடைத்தது, மிக நன்றாகவும் இருந்தது.

குறிப்புகளைச் சுருக்குவதில்தான் பிள்ளைகளோடு அதிகம் மல்லுக்கட்டினேன். மலாயா ரயில்வே கட்டடத்துக்கு அவர்கள் எழுதியது: ‘பினாங்கு ரயில் நிலையம் 1907ஆம் ஆண்டில் ஆங்கிலேயர்களால் கட்டப்பட்ட மிகவும் அழகான, புகழ்பெற்ற, மணிக்கூண்டுடன் கூடிய கட்டடமாகும்.’ அழகு படத்திலேயே தெரிகிறது, மணிக்கூண்டும் தெரிகிறது. படத்தில் தெரியாதது எது என்று கேட்டேன். யோசித்து யோசித்துக் கடைசியில் வந்தது இது: ‘ரயில் வராத ரயில் நிலையம், 1907. டிக்கெட் இங்கே. ரயில் அக்கரையில், பிறையில். நடுவில் படகு.’ இன்று சுங்கத்துறை இருக்கும் அந்தக் கட்டடத்தைத் தினமும் தாண்டிப் போகிறவர்கள்கூட நின்று படிக்கும் குறிப்பு இது.

“இவ்ளோ எழுதியிருக்கேன், எல்லாத்தையும் எடுக்கச் சொல்றீங்களே மாமா?” என்று மருமகள் வருத்தப்பட்டாள். எடுத்தவற்றை வீணாக்கவில்லை. ஒரு கோப்பில் போட்டு மேசைமேல் வைத்தோம். மேலும் தெரிந்துகொள்ள நினைப்பவர் உட்கார்ந்து படிக்கலாம். கேள்வி கேட்கும் ஆசிரியருக்குப் பதில் சொல்லவும் அது பிள்ளைகளுக்குக் கை கொடுத்தது.

இடது சிறகு முழுவதும் ‘எப்படி வந்தார்கள்’. அதில் மூன்றே ஆண்டுகள் பெரிதாக: 1907, தோட்ட முதலாளிகள் ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கட்டி, அதிலிருந்து கப்பல் செலவைக் கொடுக்கும் குடியேற்ற நிதி தொடங்கியது. 1910, ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. 1938, கங்காணி வழியாக ஆள் எடுப்பது இந்திய அரசின் தடையால் நின்றது. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால், நம் குடும்பத்தில் யார் எந்த ஆண்டு வந்தார் என்பதை வைத்து எப்படி வந்திருப்பார் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

அதே சிறகின் கீழ்ப்பாதியில்தான் இந்தப் பலகையின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம். அக்கா மாமியாரின் தகரப் பெட்டியில் இருந்து ஒரு பழைய புகைப்படமும், அவருடைய மூத்த அக்கா செபராங் பிறைத் தோட்டத்தில் 1924இல் பிறந்ததற்கான ஒரு துண்டுச் சீட்டும் கிடைத்தன. அவற்றை ஒட்டவில்லை, வீட்டைவிட்டு வெளியே அனுப்பவும் இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், கைப்பேசியில் நேர்மேலிருந்து படம் எடுத்து அச்செடுத்தோம். அசலைப் பசையும் டேப்பும் தொடவே கூடாது. பாட்டியிடம் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டார்கள். நாகையில் கப்பல் கரைக்கு வராது, படகில் போய்த்தான் ஏறவேண்டும் என்று அவர் அப்பா சொன்னதைச் சொன்னார். “எங்கப்பா முதமுதல்ல வந்ததே ரஜுலாவுலதான்” என்றும் சொன்னார்.

ரஜுலா எல்லாருக்கும் தெரிந்த பெயர். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் என்று பல பத்தாண்டுகள் ஓடிய கப்பல். ஆனால் அது கிளாஸ்கோவில் கட்டப்பட்டது 1926இல். 1924இலேயே அவருக்குத் தோட்டத்தில் பிள்ளை பிறந்திருக்கிறது என்றால் முதல் பயணம் ரஜுலாவில் நடந்திருக்க வழியில்லை. பிள்ளைகள் திகைத்துப்போனார்கள். பாட்டி சொன்னதை எடுத்துவிடலாமா, சீட்டை எடுத்துவிடலாமா என்று ஆளுக்கொரு பக்கம் பேசினார்கள். இரண்டையும் வைக்கச் சொன்னேன். மஞ்சள் பட்டையில் ‘பாட்டி சொன்னது’, நீலப் பட்டையில் ‘காகிதம் சொல்வது’, நடுவில் கப்பல் படமும் 1926உம். கீழே ஒரு வரி: ‘ஊருக்குப் போய்த் திரும்பி வந்தபோது ரஜுலாவில் ஏறியிருப்பாரோ?’ தோட்டத்தில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஊருக்குப் போய்வந்தவர்கள் நிறைய என்பதால் அது நடந்திருக்கக்கூடியதே. பாட்டியிடமும் மரியாதையாகச் சொல்லி, சம்மதம் கேட்டுத்தான் வைத்தோம். “அப்படியும் இருக்கும்” என்றார். இந்த மஞ்சள், நீலப் பட்டைகளைப் பலகை முழுவதும் கடைப்பிடித்தோம். கேட்டது எது, ஆவணத்தில் பார்த்தது எது என்று தெரியாத வரலாற்றுப் பலகை வெறும் அலங்காரம்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

பழைய கப்பல் அறிவிப்புகளைத் தேட சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம் உதவியது. மலாயாவின் பழைய நாளிதழ்களை வீட்டிலிருந்தே புரட்டலாம். அங்கிருந்து எடுத்த துண்டுக்கு நாளிதழின் பெயரும் தேதியும் கட்டாயம் எழுதவேண்டும்.

மேசை உயரம் 75 செ.மீ. அதன்மேல் பலகை நின்றால் வரைபடம் தரையிலிருந்து 118 முதல் 150 செ.மீ.க்குள் வருகிறது, ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் கண் அங்கேதான் இருக்கும். அடியில் 20 செ.மீ. எதுவும் எழுதாமல் விட்டோம். மேசைப் பொருள்கள் மறைக்கும் இடம் அது. ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்தியும், பால் வடியும் கோப்பையான மங்கும் ஒரு பெரியவர் கொடுத்தார். கத்தியைப் பள்ளிக்குக் கொண்டுபோகவில்லை. மங்கு போதும். அதன் அடியில் காய்ந்து ஒட்டியிருந்த ரப்பர் பாலைத் தொட்டுப் பார்க்கவே தனிக் கூட்டம் நின்றது.

மடித்தால் பலகை 61 செ.மீ. அகலம்தான், மைவி காரின் பின்னிருக்கையில் படுத்துக்கொண்டது. மழைக்காக ஒரு பெரிய பிளாஸ்டிக் உறையையும் கொண்டுபோனோம்.

பார்வையாளருக்கும் ஒரு வேலை வைத்திருந்தோம். ‘உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து?’ என்று எழுதி, பக்கத்தில் வட்ட ஒட்டிகள். வரைபடத்தின் தமிழ்நாட்டுப் பக்கத்தில் அவரவர் ஊரில் ஒட்டவேண்டும். தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கம் விரைவாக நிரம்பியது. யாழ்ப்பாணத்திலும் விழுந்தது. தெரியாத பிள்ளைகள் வீட்டில் கேட்டுக்கொண்டு மறுநாள் வந்து ஒட்டினார்கள், சிலர் தாத்தாவையே கூட்டிக்கொண்டு வந்தார்கள். விசாகப்பட்டினமும் கண்ணூரும் எங்கள் வரைபடத்துக்கு வெளியே. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் சட்டத்தின் வெள்ளை ஓரத்தில் ஒட்டி, பக்கத்தில் ஊர்ப் பெயரை எழுதிவிட்டுப் போனார்கள். அந்த ஓரத்தை வெட்டிவிடாமல் அப்படியே வைத்திருக்கிறோம்.

பலகையைப் பள்ளி நூலகத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். அச்செடுத்த படங்கள் வெயிலில் வெளிறிவிடும் என்பதால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் வைக்காமல் ஜன்னல் இருக்கும் சுவரோரமே வைக்கச் சொல்லியிருக்கிறேன். வட்ட ஒட்டிகள் மீதி இருந்தன, அவற்றையும் ஓர் உறையில் போட்டுப் பலகையின் பின்பக்கம் ஒட்டிக் கொடுத்துவிட்டோம்.